பூட்டுவதற்கு முன் ஒரு நாள் அளவெடுங்கள்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் பழைய சந்துகளில் நடந்தால் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு ஒன்றாவது கண்ணில் படும். திண்ணையோரம் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார். நிலையில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து நாராகத் தொங்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். விற்க மனசு வராது, குடியிருக்க வழி கிடையாது, வாடகைக்கு விட்டால் வீடு கெட்டுவிடுமே என்று பயம். கடைசியில் குடும்பமே கூடி எடுக்கும் முடிவு, "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்."

இருக்கிற வழிகளிலேயே மோசமானது அதுதான். பிறந்து வளர்ந்த வீட்டின் மேல் பாசம் அதிகம் உள்ளவர்கள்தான் அதைப் பூட்டி வைக்கிறார்கள். பூட்டிய வீடுதான் சீக்கிரம் விழுகிறது. விற்பதா, இடிப்பதா, புதுப்பிப்பதா என்பது உங்கள் வீட்டுச் சமாச்சாரம். எதுவாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்த வீட்டை அளந்து எழுதி வையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பூட்டிய வீடு ஏன் விழுகிறது? ஆள் புழங்கும் வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்று ராத்திரியே பாயில் சொட்டும். மறுநாள் ஏணி போட்டுச் சரி செய்துவிடுவார்கள். ஆளில்லாத வீட்டில் அதே சொட்டு ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டமான ஒரே கைமரத்தின் மேல் மாதக்கணக்கில் விழும். சேலத்து மழை ஒரு பருவத்தோடு ஓய்வதும் இல்லை. மே மாதத்துக் கோடை இடியில் தொடங்கி, தென்மேற்கு, வடகிழக்கு என்று நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற மரம் உளுத்துப்போகும்.

விறகடுப்பு எரிந்த காலத்தில் அதன் சூடு கூரையை உலர்த்தியது. புகை படிந்த மூங்கிலையும் சட்டத்தையும் பூச்சி லேசில் தொடாது. காலையில் சுவரோரம் துடைப்பம் போடுவதும் கரையானுக்கு எதிரான வேலைதான். கரையான் சுவரில் ஏறக் கட்டும் மண் தடத்தை அது முதல் நாளே கலைத்துவிடும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் அடைத்த இலையைக் கையால் எடுத்துப் போட ஆள் இருந்தது. இத்தனையும் யாரும் பராமரிப்பு என்று பெயர் வைக்காமல் செய்த வேலைகள்.

ஆகவே பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வாரத்துக்கு ஒரு முறை கதவு ஜன்னலைத் திறந்து பெருக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் ஓடு பார்க்க ஆள் ஏற வேண்டும். ஒழுகலை வெயில் காலத்தில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மழை பெய்யும்போது யாராவது உள்ளே நின்று, சொட்டு விழும் இடத்தில் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தால், பிறகு வரும் கொத்தனாருக்குப் பாதி வேலை மிச்சம். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லி விடுங்கள்: சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே பெரும்பாலும் ஓட்டை இருக்காது. தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக் கீழே இறங்கி வந்துதான் சொட்டும். ஓட்டையை அதற்கு மேற்புறச் சரிவில் தேட வேண்டும்.

இனி அளவெடுக்கும் நாள்.

பல வருஷம் கழித்து வீட்டுக்குள் நுழைபவர் முதலில் சொல்வது, "இவ்வளவு சின்ன வீடா இது?" என்பதுதான். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடியில் இருக்கிறது. பெரியவருக்கு அது ஐந்தடி. நினைவில் இருக்கும் வீடு மூன்றரை அடியிலிருந்து பார்த்த வீடு. அங்கிருந்து பார்த்தால் திண்ணை நெஞ்சளவு, மாடக்குழி எட்டாத உயரம், தூண் முடிவே இல்லாதது. நின்றபடி ஃபோனைத் தூக்கி எடுக்கிற ஃபோட்டோக்கள் எல்லாம் இன்றைக்கு நாம் பார்க்கும் வீட்டைத்தான் காட்டும். அதைப் பார்த்து யாருக்கும் கண் கலங்காது. டேப்பில் மூன்றரை அடி வைத்துச் சுவரில் பென்சில் புள்ளி போட்டுக்கொண்டு, ஃபோனை அந்த மட்டத்தில் பிடித்து ஒவ்வொரு அறையின் நாலு மூலையிலிருந்தும் ஒரு படம் எடுங்கள். பிறகு நடுக்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்துப் படுத்து, விட்டத்தையும் ஓட்டையும் பார்த்து எடுங்கள். பிள்ளைகள் வீட்டைப் பார்த்ததில் பாதி மல்லாந்து படுத்துப் பார்த்தது.

இடத்துக்கும் நினைவுக்கும் உள்ள முடிச்சு வெறும் உணர்ச்சிவசம் இல்லை. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் காட்டினார். 2014இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடந்த சம்பவங்களை நினைவில் சேர்ப்பதும் அதே பகுதிதான். நடையைத் தாண்டி முற்றத்தில் கால் வைத்ததும் முப்பது வருஷம் யோசிக்காத ஒன்று திடீரென்று வருவது இதனால்தான். வாசனை இன்னும் நேர்வழி. மற்றப் புலன்களின் செய்தி தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தொட்டுப் போகும். வாசனை அங்கே நிற்காமல் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேரும்.

வாசனையைச் சேமிக்க வழியில்லை, எதனால் வந்தது என்பதை எழுதி வைக்கலாம். "பாட்டி வீட்டு வாசனை" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. எந்த விறகு, என்ன எண்ணெய், தரை மெழுகியதா காவி பூசியதா, நெல் குதிர் எந்த மூலையில், மண்ணெண்ணெய் டின் எங்கே என்று எழுதுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இதைத் தயங்காமல் சொல்வார்கள்.

அளக்க இரண்டு பேர் வேண்டும், நூறடி டேப் ஒன்று, கட்டம் போட்ட நோட்டு ஒன்று. ஒரு மூலையில் டேப்பின் நுனியை வைத்து அசைக்காமல், அந்தச் சுவர் முழுக்கக் கதவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஜன்னல் எங்கே, மாடக்குழி எங்கே என்று தொடர் அளவாக எடுக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அரை அங்குலம் பிசகி, கடைசியில் சுவர் ஒன்றோடொன்று சேராது. ஒவ்வொரு அறைக்கும் மூலைவிட்டம் இரண்டையும் கட்டாயம் அளக்கவும். பழைய வீட்டில் எந்த அறையும் சரியான செவ்வகம் கிடையாது, மூலைவிட்டம் இல்லாமல் வரைபடம் போட உட்கார்ந்தால்தான் அது தெரியும். சுவரின் கனத்தைக் கதவு நிலையில் அளக்கலாம். மண்சாந்து வைத்துக் கட்டிய கருங்கல் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கூட வரும். 1:50 அளவில் வரைந்தால், அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், சாதாரண வீடு ஒரு பெரிய தாளில் அடங்கிவிடும்.

நிலையில் பிள்ளைகளின் உயரக் கோடுகள் இருந்தால் பக்கத்தில் டேப்பைப் பிடித்தபடி எடுங்கள். தாழ்ப்பாள், கொண்டி, கிணற்று உருளை ஆகியவற்றின் சத்தத்தை ஃபோனிலேயே பதியலாம். ஃபேனை அணைத்துவிட்டு, ஃபோனை மடித்த துண்டின் மேல் வைத்து, முதலில் தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து எந்தக் கதவு என்றே தெரியாது.

வெயிலையும் குறிக்க வேண்டும். காலை எட்டு, உச்சி, மாலை நாலு, இந்த மூன்று நேரத்தில் முற்றத்து வெயில் எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் கோடு போடுங்கள். எந்த மாதம் என்பதும் முக்கியம். சேலம் ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், முற்றத்தில் சுவர் நிழலே விழாது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. கணக்குப் போட்டால், ஒன்பதடி உயரத் தாழ்வார விளிம்பின் நிழல் மே நடுவில் உச்சியில் ஓர் அடிதான். பொங்கல் சமயத்தில் அது தென்புறத்திலிருந்து ஆறடிக்கு நெருங்கிவிடும். எட்டடி முற்றம் என்றால் வடக்கோரம் இரண்டு அடி மட்டும்தான் வெயில். பள்ளிக்கூட லீவில் ஓடி விளையாடிய முற்றம் வெளிச்சமாகவும், பொங்கலுக்கு வந்து பார்க்கும் முற்றம் மங்கலாகவும் இருப்பதில் வயசுக்குப் பங்கு குறைவு. முடிந்தால் மே மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

ஆட்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆல்பத்தைத் திறப்பதுதான் வழக்கம். அது தப்பு. ஒரு நினைவை எடுத்துப் பேசும்போது அது சற்று இளகி, பேசிய விதத்திலேயே மறுபடி இறுகுகிறது. வாய் பெரிய அண்ணன் சொன்னதே மற்றவர்களின் ஞாபகமாகவும் ஆகிவிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். படம், ஆல்பம் எல்லாம் அதற்குப் பிறகு. ஒருவர் பெரிதாக வரைந்த அறை மற்றவர் தாளில் இருக்கவே இருக்காது, அதைப் பற்றிக் கேட்டாலே ஒரு மணி நேரம் போகும்.

"பழைய ஞாபகம் ஏதாச்சும் சொல்லுங்க அத்தை" என்றால் "என்னத்தச் சொல்றது" என்றுதான் பதில் வரும். "அத்தை, ராத்திரி யார் யார் எங்கெங்க படுப்பீங்க?" என்று கேளுங்கள். "உங்க தாத்தா திண்ணையிலதாங் கண்ணு. ஆம்பளப் பசங்க ஆசாரத்துல. நாங்க அடுப்படிக்கு வெளிய. சாரல் அடிச்சா எல்லாரும் பாயச் சுருட்டிட்டு உள்ள ஓடியாந்துருவோம்." இந்த ஒரு பதிலில் வீட்டின் பாதி வரைபடம் வந்துவிடுகிறது. இதே போல, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சண்டை வந்தால் யார் போய் எங்கே உட்கார்வார்கள், பணம் எந்தப் பானைக்குள் இருந்தது.

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் நெசவு செய்த வீடுகளுக்குத் தனியாக ஒரு விஷயம். முன்கட்டில் தறிக்குழி இருந்திருக்கும். நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். தறியை விற்ற பிறகு இடித்த செங்கல், மண், கையில் கிடைத்த குப்பை எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் பூசியிருப்பார்கள். கொட்டிய மண் மழைக்கு மழை இறங்கும். சில வருஷத்தில் டைல்ஸில் கச்சிதமான செவ்வகமாக ஒரு விரிசல் ஓடும். தரைக்காரரின் வேலை மோசம் என்று அவர்மேல் பழி விழும். பாவம், அவர் குழியையே பார்த்திருக்க மாட்டார். சரியாக நிரப்ப வேண்டுமானால் பழைய குப்பையை முழுக்க வெளியே அள்ளிவிட்டு, மண்ணை ஆறு அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் இடித்து, அது இறுகிய பிறகு அடுத்த ஆறு அங்குலம். என்னைக் கேட்டால், இடம் இருந்தால் குழியை மூடவே வேண்டாம். ஓரங்களைக் கட்டி, மேலே கெட்டிப் பலகையோ கனமான கண்ணாடியோ போட்டுவிடலாம். அந்த வீட்டில் சம்பாதித்த அரிசி எல்லாம் அந்தக் குழியில் கால் விட்டுச் சம்பாதித்தது.

புதுப்பிக்க முடிவெடுத்தவர்கள் செய்யும் பெரிய தப்பு சிமெண்ட். மண்சாந்து, சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த ஈரம் வெளியேற முடியாமல் உள்ளே இன்னும் உயரமாக ஏறும். உப்பு பூத்து, பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழும். "பழைய சுவர் சார், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பிறகு மறுபடி சிமெண்ட். தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான், தரை வழியே போன ஈரம் சுவருக்குத் திரும்பும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு கலந்து பூச வேண்டும். சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரமாவது ஊற விடவும். அவசரப்பட்டால் சுவரில் பூசிய பிறகு நீறாத துகள்கள் வெடித்துச் சின்னச் சின்னப் பள்ளமாகும். சுடுசுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக்கூடாது.

ஈரத்துக்கு இன்னொரு காரணம் தெரு. பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடு இன்று தெரு மட்டத்துக்கு வந்திருக்கும். அங்கே சுவருக்கு என்ன பூசினாலும் நிற்காது. முதலில் வாசலில் தண்ணீர் திரும்பிப் போக வழி செய்ய வேண்டும்.

ஓட்டுக்கு வருவோம். மங்களூர் ஓடு என்றால் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 150 பிடிக்கும். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளி சுமார் பன்னிரண்டரை அங்குலம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசப்படும், பழைய ஓட்டுக்கு நடுவே புதியதைச் செருகினால் ஓடும் ஓடும் கவ்வும் பூட்டு சரியாக உட்காராது, அந்த இடுக்கில் சாரல் நுழையும். எனவே நல்ல பழைய ஓடுகளை எல்லாம் ஒரே சரிவுக்கு மாற்றிவிட்டு, அடுத்த சரிவு முழுக்கப் புதியதைப் போடுவது உத்தமம். பிரிக்கும்போது ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது, அதன் பிறகு பல கம்பெனிகள் வந்தன. எந்த முத்திரை என்று தெரிந்தால் கூரை எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லலாம்.

மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை வீடு என்றால் உத்தரக் கட்டைகளின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அழுகல் தொடங்குவது கட்டை சுவருக்குள் நுழையும் முனையில். சுவரை ஒட்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையின் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஏற்காட்டு வீடுகளுக்குக் கணக்கே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் எதிரி கரையானை விடப் பூஞ்சணம். பனிமூட்ட மாதங்களில் பூட்டிய அலமாரியில் துணி, புத்தகம், ஃபோட்டோ எல்லாம் பூத்துவிடும். அங்கே ஆல்பத்தை விட்டுவைக்காதீர்கள், சேலத்துக்கு இறக்கிவிடுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கண்ணாடியோடே சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். காபித் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் போக வேண்டிய நாள் மார்ச், ஏப்ரலில் காபிச் செடியைப் பூக்க வைக்கும் பூமழை பெய்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து. செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, ஓரிரு நாளில் வாடிவிடும். அந்த மணத்தை அனுபவித்து வளர்ந்தவருக்கு ஆல்பமே தேவைப்படாது.

பத்திரம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் "அப்படியே இருக்கட்டும்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் பங்குத் தகராறுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாடு இதை 1989லேயே கொண்டுவந்தது, அப்போது ஏற்கெனவே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டு. 2005இல் மத்திய சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்தது. அந்த வருஷம் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லிப் பெண்கள் கேட்க முடியாது என்றிருந்த அதே சட்டத்தின் 23ஆம் பிரிவும் 2005லேயே நீங்கிவிட்டது. ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ள மற்றப் பங்காளிகளுக்கு 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழி தருகிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றும் வேலையை மூத்தவர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அவர்களுக்குப் பிறகு கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மூன்று மடங்காகிவிடுவார்கள்.

இடிப்பது என்று முடிவானால், இடிக்கும் கான்ட்ராக்டரிடம் பேசுவதற்கு முன் உங்களுக்கு வேண்டியதைப் பட்டியல் போடுங்கள். தேக்கு, ஓடு, கருங்கல் எல்லாம் தனக்கு என்ற கணக்கில்தான் அவர் தொகை சொல்வார். பேசி முடித்த பிறகு தூணைக் கேட்டால் சண்டைதான். எது எது உங்களுக்கு என்று தாளில் எழுதி, அந்தப் பொருளின் மேலேயே பெயின்டால் குறி போட்டு, முதல் நாள் நீங்கள் நேரில் நில்லுங்கள். கிணறு இருந்தால் இடிபாட்டை அதில் தள்ள விடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து கட்டாயம், புது வீட்டுக் கூரைத் தண்ணீரை வடிகட்டி அதிலேயே விடலாம்.

எல்லோரும் கேட்பது வாசல் நிலையைத்தான். அதன் மேல், கீழ்க் கட்டைகள் இரண்டு பக்கமும் சுவருக்குள் நீண்டிருக்கும். அவசரத்தில் அதை ரம்பத்தால் அறுத்து எடுத்தால் மூலைப் பூட்டு தளர்ந்து நிலை கோணலாகிவிடும். சுற்றியுள்ள சுவரை முதலில் உடைத்து, நிலையை முழுசாகச் சாய்க்க வேண்டும். சாய்ப்பதற்கு முன் குறுக்கே இரண்டு சட்டம் அடித்துவிட்டால் கோணம் மாறாது. பழைய நிலை பெரும்பாலும் ஆறடிக்குள்தான் இருக்கும், புது வீட்டுத் திறப்பு ஏழடி. தலைவாசலுக்கு வைத்தே தீருவேன் என்றால் மேலே மிஞ்சும் ஓர் அடிக்குக் கம்பி வைத்த வென்டிலேட்டர் போடலாம். இல்லையென்றால் பூஜையறைக்கு அளவு சரியாக இருக்கும். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்தபடியே மெஷினில் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, விழுவதைப் பிளாஸ்டிக் தாளில் பிடித்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். வேலை முடியும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.